எங்கும் போகாத படிக்கட்டு

அத்தியாயம் 5

"எங்க மருமகளைக் காப்பாத்தணும்மா. அஞ்சு மணி பஸ்ஸுக்குள்ள."

தொலைபேசியில் இப்படி அழுதது மாமியார். கேட்டுக்கொண்டிருந்த கொழுந்தன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணி, மருமகளுக்காக அழற மாமியார்! இந்தக் கேஸை விட்டா அடுத்தது நூறு வருஷம் கழிச்சுத்தான் வரும்" என்றான்.

அண்ணி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

குடை பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள் அண்ணி. அதற்கு முன் பதினெட்டு வருடம் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தவள். கொழுந்தன் அவள் கணவனின் தம்பி. ஏழு இடங்களில் வேலை பார்த்து, ஏழிலும் வாய் அடங்காமல் வெளியே வந்தவன். "உன் வாயை நான் பொறுத்துக்கறேன் தம்பி. உன் கண்ணை எனக்குக் கொடு" என்று சொல்லி அவனைச் சேர்த்துக்கொண்டாள். மூன்று வருடமாக அந்த ஒப்பந்தத்தில் மாற்றமில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. மாமியாரின் கணவர் வீட்டு வரைபடம் வரைபவர். முன் அறைதான் அவருடைய தொழிற்கூடம். சாய்வுப் பலகை ஒன்று. பிளாஸ்டிக் வாளியில் செருகிவைத்த காகிதச் சுருள்கள். ஜன்னலோரம் ஒரு கம்ப்யூட்டர். அதன் கேமரா மேல் யாரோ காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைச் சின்னதாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். விசைப்பலகைக்கு இடது பக்கம் மவுஸ். வரைபடக்காரரின் இடது காதில் பென்சில்.

உள் அறை வாசலில், பிறந்த வீட்டுக்குப் போக ஒரு பழுப்புப் பை கட்டித் தயாராக இருந்தது. பக்கத்து நாற்காலியில் மருமகள், பஸ்ஸில் இடம் பிடித்தவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். இந்த வீட்டுக்கு வந்து ஆறு மாதம். கணவன் வெளியூர் வேலையில் இருந்தான், சனிக்கிழமைதான் வருவான்.

"என் மூணு படம் திருடு போச்சு" என்று வரைபடக்காரர் ஆரம்பித்தார். "ராவும் பகலும் யோசிச்சு நான் வரைவேன். வீடு கட்டறவர்கிட்ட கொண்டுபோய் நீட்டினா, 'இதே படத்தை நேத்தே ஒருத்தர் கொடுத்துட்டாரே'ம்பாங்க. கொடுத்தவன் என்கூட ஒரே ஆபீஸ்ல வேலை பார்த்தவன். வாழ்க்கையில ஒரு கோடு சொந்தமாப் போட்டதில்ல."

"பேரு கார்பன் பேப்பரா?" என்றான் கொழுந்தன்.

வரைபடக்காரருக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது. "கார்பன்! அவனேதான். இன்னிக்கு ஒரு பேக்கரிக்காரர், கடைக்கு மேல வீடு கட்ட நாலு மணிக்குள்ள படம் கேட்டிருக்கார். அவனும் போட்டியில இருக்கான். இதுவும் போனா எனக்குத் தொழிலே இல்ல."

"அதுக்கும் இந்தப் பொண்ணுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அண்ணி கேட்டாள்.

அவர் விரலை மடக்கினார். "ஒண்ணு, நான் மத்தியானம் தூங்கப் போனதும் இவ நெட் பெட்டிய அணைக்கறா. என் கண்ணால பார்த்தேன். ரெண்டு, கேமராவுல பிளாஸ்திரி ஒட்டினது இவதான். தான் செய்யறது பதிவாகக் கூடாதுன்னு. மூணு, படம் திருடு போன மூணு நாளும் இவ மருந்துக் கடையில இருந்திருக்கா. வெளிய உட்கார்ந்து வேலையக் காட்டியிருக்கா!"

"என்னங்க, வீட்ல இருந்தாலும் குத்தம், இல்லாட்டியும் குத்தமா?" என்றாள் மாமியார். "நேத்து பக்கத்து வீட்டுக்காரங்க முன்னாடியே இவளைத் திருடின்னுட்டார்மா. நான் உசுரோட இருக்கறப்பவே!"

"நீ சும்மா இரு. நான் காரணமில்லாம பேசறவனில்ல. யாரு எதை இலவசமாக் கொடுத்தாலும் தொடமாட்டேன் நான். எலிப்பொறியில மட்டும்தான் சாப்பாடு இலவசம்! இதைத் தினமும் இந்த வீட்ல சொல்றேன்."

"தினமும்" என்று மாமியார் பெருமூச்சு விட்டாள்.

அண்ணி மருமகள் பக்கம் திரும்பினாள். "பிளாஸ்திரி நீ ஒட்டினதாம்மா?"

"ஆமா."

"ஏன்?"

மருமகள் மாமனாரை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் பையின் வாரைப் பார்த்தாள். "சும்மாதான்."

திருடியவள் பொய் சொல்லத் தயாராக வந்திருப்பாளே, இவள் ஏன் இவ்வளவு மோசமாகப் பொய் சொல்கிறாள் என்று கொழுந்தன் நினைத்தான். அதை வாயைத் திறந்து சொல்லப் போனவனை அண்ணியின் விரல் தடுத்தது. அவள் விரலை உதட்டில் வைத்து, கம்ப்யூட்டரைக் காட்டி, பிறகு சமையலறையைக் காட்டினாள். எல்லோரும் பூனை நடையில் பின்னால் போனார்கள்.

"கண்ணைத்தான் மூடியிருக்கு. காது திறந்திருக்கலாம்" என்று அண்ணி அடுப்பங்கரையில் கிசுகிசுத்தாள். "இனிமே அந்த அறையில வானிலை பத்தி மட்டும் பேசுங்க. இப்ப சொல்லுங்க. அந்த மிஷின்ல விசித்திரமா எதாவது?"

"அம்புக்குறி தானா நகரும்மா" என்றாள் மாமியார். "தூசி தட்டும்போது பார்த்தேன். இவர்கிட்ட சொன்னா, கண்ணாடிய மாத்துன்னார்."

"யாரும் தொடாதப்ப உள்ள ஃபேன் சுத்துற சத்தம்?"

"மத்தியானத்துல சுத்தும். ஆஸ்துமா வந்த மாதிரி."

"ஆன்ட்டிவைரஸ்?"

வரைபடக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அது தூங்கிப்போச்சு. எழுப்பினா மறுபடி தூங்குது."

"வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்துக்கிட்டிருக்கும்" என்றான் கொழுந்தன். மாமியார் முதன்முறையாகச் சிரித்தாள்.

அண்ணி சிரிக்கவில்லை. "வெளியில இருந்து யாரோ இந்தக் கம்ப்யூட்டரை ஓட்டறாங்க. நாம வண்டிய வாசல்ல நிறுத்தியிருக்கோம், சாவி வேற யார் கையிலயோ இருக்கு. இப்பவே நெட் வயரைப் பிடுங்கறதுதான் ஒழுங்கு. ஆனா பிடுங்கிட்டா வந்தவன் யாருன்னு தெரியாது. இன்னிக்கு ஒரே ஒரு தடவை அவனை உள்ள விடுவோம். பேக்கரிப் படம் எங்க இருக்கு?"

"இன்னும் மிஷின்ல ஏத்தல. முதல்ல பென்சில்லதான் போடுவேன்." அவர் அலமாரி மேலிருந்து ஒரு சுருளை எடுத்துக் காட்டினார்.

"அது அங்கேயே இருக்கட்டும். மிஷின்ல இன்னொரு படம் போடுங்க. பார்க்க அழகா, ஆனா கட்டவே முடியாத வீடு."

"கட்ட முடியாததுன்னா?"

"படிக்கட்டு மேல போய்ச் சுவத்துல முட்டட்டும். கதவே வேண்டாம்."

வரைபடக்காரர் இரண்டடி பின்வாங்கினார். "முப்பது வருஷத்துல தப்பான படிக்கட்டு ஒண்ணு போட்டதில்லம்மா. என் கை வராது."

"பொய் சொல்லிப் பிடிக்கணும்னு எனக்கும் ஆசையில்ல" என்றாள் அண்ணி. "திருடன்கிட்டயும் உண்மைதான் பேசணும். உங்க படத்தோட ஓரத்துல குறிப்புகள்னு ஒண்ணு வருமே?"

"பொதுக் குறிப்புகள். பதினொரு வரி. அளவெல்லாம் மில்லிமீட்டர்ல, செங்கல் இந்த ரகம், அந்த மாதிரி. எல்லாப் படத்துலயும் அதேதான்."

"அதை யார் படிப்பாங்க?"

அவர் யோசித்தார். "எங்க தொழில்ல யாருமே படிக்கறதில்ல."

"அப்ப பன்னிரண்டாவதா ஒரு வரி சேர்ப்போம். உண்மையை அங்க எழுதிடுவோம். படிச்சான்னா தப்பிச்சுக்கட்டும். மனுஷனுக்குத் திருந்த ஒரு வழி விட்டுவைக்கணும்."

"அண்ணி வலை விரிச்சாலும் அதுல ஒரு கதவு வெப்பாங்க" என்றான் கொழுந்தன். "படிக்கட்டுக்கு மட்டும்தான் கதவு கிடையாது."

ஒன்றே முக்காலுக்குப் படம் தயார். வரைபடக்காரர் முகத்தைச் சுளித்தபடியே, மருந்து குடிக்கிற குழந்தைபோல, அந்தப் படிக்கட்டைப் போட்டு முடித்தார். பிறகு வழக்கம்போலத் தூங்கப் போவதாகச் சத்தமாக அறிவித்துவிட்டு வெளியே வந்தார். எல்லோரும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். அங்கிருந்து பார்த்தால் திரையும் தெரிந்தது, பையோடு உட்கார்ந்திருந்த மருமகளும் தெரிந்தாள். அண்ணி கண்களை ஒரு நொடி மூடினாள். எந்த வேலையிலும் அவள் இதைச் செய்யாமல் இருந்ததில்லை. "கடவுளே, தப்பு செஞ்சவன் கண்ல படட்டும். தப்பு செய்யாதவங்க மனசு இதுக்கு மேல புண்படாம இருக்கட்டும்."

இரண்டு பத்துக்கு உள்ளே ஃபேன் இரைந்தது. அம்புக்குறி மெல்ல அசைந்தது.

மாமியார் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணாடிய மாத்தட்டுமா?" என்று கிசுகிசுத்தாள்.

அம்புக்குறி புதுப் படத்தின் மேல் போய் நின்றது. சொடுக்கியது. படம் திறக்கவில்லை, பக்கத்தில் ஒரு நீளப் பட்டியல்தான் விரிந்தது. அம்புக்குறி திகைத்து நின்றது. பட்டியல் மூடியது. அடுத்த சொடுக்கில் படம் திறந்தது.

"பார்த்தியா தம்பி?" அண்ணியின் கண்கள் மின்னின. "இவர் இடது கைக்காரர். மவுஸ் பொத்தானை மாத்தி வெச்சிருக்கார். இந்த வீட்ல எல்லாரும் அதுக்குப் பழகினவங்க. வந்திருக்கறவன் வலது கைக்காரன். தன் வீட்ல ஒரு பழக்கம், இங்க ஒரு பழக்கம். அதான் முதல் தட்டு எப்பவும் தப்பும்."

வரைபடக்காரர் மருமகளைப் பார்த்தார். அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன. ஆனாலும் விடவில்லை. "சரி, இவ கை இல்ல. ஆனா அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது யாரு? வெளியாள் தானா உள்ள வந்துடுவானா?"

நல்ல கேள்விதான். அண்ணி திரையையே பார்த்திருந்தாள். வந்தவன் படத்தை நகலெடுத்து முடித்ததும் அவள் நேராகப் போய் நெட் வயரைப் பிடுங்கினாள்.

"இப்ப பேசலாம். விருந்தாளி வாசலுக்கு வெளிய இருக்கார். முதல்ல, உங்க மெயில், பேங்க், எல்லாத்துக்கும் பாஸ்வேர்டை மாத்தணும். இந்த மிஷின்ல இல்ல. இதுல நீங்க தட்டற ஒவ்வொரு எழுத்தையும் அவன் குறிச்சு வெச்சிருக்கலாம். அம்மாவோட போன்ல மாத்துங்க."

மாமியாரும் வரைபடக்காரரும் போனோடு சமையலறைக்குப் போனார்கள். அண்ணி, கம்ப்யூட்டர் விழிக்கும்போதே கூடவே விழித்துக்கொள்கிற நிரல்களின் பட்டியலைத் திறந்தாள். கொழுந்தன் தோள் வழியாக எட்டிப் பார்த்தான்.

"வரையறது ஒண்ணு, கடிகாரம் ஒண்ணு, பிரின்டர் உதவியாளர்னு ஒண்ணு... அண்ணி, இந்த வீட்ல பிரின்டர் எங்க?"

அண்ணி அறையைச் சுற்றிப் பார்த்தாள். "அம்மா, பிரின்டர் இருக்கா?"

"அது கெட்டுப்போய் மூணு வருஷமாச்சு" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. "தெருக்கோடிக் கடையிலதான் பிரின்ட் எடுக்கறார்."

"முதலாளியே இல்லாத வீட்ல வேலைக்காரன்!" என்றான் கொழுந்தன். "சாப்பாடு மட்டும் நாலு வேளை!"

அந்த உதவியாளரைப் பின்தொடர்ந்து போனாள் அண்ணி. அது எந்த நாளில், எந்தக் கோப்பிலிருந்து இறங்கியது என்று பார்த்தாள். கொழுந்தனும் படித்தான். படித்ததும் அவனுடைய வாய் தானாகத் திறந்தது. "ஆஹா! எலிப்பொறி..."

அண்ணி அவன் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள். பிறகு அந்தப் பக்கத்தைத் தன் போனில் படமெடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்தாள்.

"ஏன் அண்ணி? கண்டுபிடிச்சாச்சே, கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதுதானே?"

"கண்டுபிடிக்கறது நம்ம வேலை. போட்டு உடைக்கறது நம்ம வேலையில்ல. அவரே சொல்லட்டும். அவர் சொன்னாத்தான் அந்தப் பை பிரியும்."

மூன்றரைக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. அண்ணி ஒலிபெருக்கியைப் போட்டாள். பேக்கரிக்காரரின் குரல் கூடத்தையே நிறைத்தது.

"ஐயா, உங்களுக்குப் போட்டியா வந்தவர் இப்பத்தான் படம் அனுப்பினார். பார்க்க ஜோரா இருக்கு. நான் மாவு மூட்டையில இருக்கற எழுத்தைக்கூட விடாமப் படிக்கறவன். ஒரு வரி விட்டா ரொட்டி கல்லாயிடுமே. அதான் ஓரத்துல இருந்த குறிப்பையும் படிச்சேன். பன்னிரண்டாவது வரி என்ன சொல்லுது தெரியுமா? 'இந்தப் படத்திலுள்ள படிக்கட்டு எங்கும் போகாது. சுவரில் முட்டும். இதை வைத்து வீடு கட்ட வேண்டாம். சரியான படம் இதை வரைந்தவரிடம் உள்ளது.' வரைஞ்சவர் யாருங்க? அவர்கிட்டயே கேட்டேன். போனை வெச்சுட்டார்!"

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொழுந்தன் சுவரில் சாய்ந்து குலுங்கினான்.

"தான் திருடன்னு தானே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கான் அண்ணி! கார்பன்னா இவன்தான் கார்பன்!"

"வரைஞ்சது நான்தாங்க" என்றார் வரைபடக்காரர் போனில். "நல்ல படிக்கட்டும் என்கிட்ட இருக்கு."

"அப்ப நாளைக்கு நிதானமாக் கொண்டாங்க. அவர் அனுப்பினதையும் பத்திரமா வெச்சிருக்கேன்."

"அதையும், இந்தத் தேதிகளையும் எடுத்துக்கிட்டு நாளைக்கே சைபர் போலீஸ்ல புகார் கொடுங்க" என்றாள் அண்ணி. "திருந்த வழி கொடுத்தோம். அவர் படிக்கல. அடுத்த வீட்லயும் நுழைவார்."

வரைபடக்காரர் தலையாட்டினார். ஆனால் அவர் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. நாலு மணி. பழுப்புப் பை இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் மெதுவாக அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கதவைத் திறந்தது யாருன்னு..."

அண்ணி தன் போனை அவர் முன்னால் வைத்தாள். கோப்பின் பெயர்: ஐந்நூறு அழகான படிக்கட்டுகள், இலவசம். வந்த தேதி எட்டு மாதத்துக்கு முன். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால். அனுப்பியவன், அவருடைய பழைய ஆபீஸ் சகா.

அவர் போனை மெல்லத் தள்ளிவைத்தார். "பழைய சிநேகத்துக்குப் பரிசுன்னு எழுதியிருந்தான். நிறுவறதுக்கு முன்னாடி ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்லுச்சு. அணைச்சேன். ஒரு படிக்கட்டும் வரல. ஏமாந்துட்டோம்னு அப்பவே தெரிஞ்சுது. யார்கிட்டயும் சொல்லல."

"என்கிட்ட சொல்லிட்டீங்க. ஆனா சொல்ல வேண்டிய ஆள் நான் இல்ல" என்றாள் அண்ணி மென்மையாக.

அவர் எழுந்தார். ஏழெட்டு அடிதான் தூரம். எங்கும் போகாத படிக்கட்டில் ஏறுவதுபோல நடந்தார். மருமகள் முன்னால் நின்று, காதில் இருந்த பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அம்மாடி. அவனை வீட்டுக்குள்ள விட்டது நான்தான். இலவசத்துக்கு ஆசைப்பட்டு. நேத்து அத்தனை பேர் முன்னாடி உன்னைச் சொன்னேனே, அது..."

"தெரியும் மாமா" என்றாள் மருமகள்.

கொழுந்தன் நிமிர்ந்தான். அண்ணி மட்டும் அசையவில்லை.

"என்ன தெரியும்?" என்றார் அவர்.

"அந்தப் படிக்கட்டு ஃபைலை நான் நாலு மாசம் முன்னாடியே பார்த்தேன். அம்பு தானா நகர்ந்ததையும் பார்த்தேன். எனக்கு அதை எடுக்கத் தெரியல. கண்ணை மூடத் தெரியும். கடையில இருந்து பிளாஸ்திரி கொண்டாந்து ஒட்டினேன். நீங்க தூங்கற நேரத்துலதான் அவன் வருவான். நான் வீட்ல இருக்கற நாள்ல நெட் பெட்டிய அணைச்சு வெச்சேன். அப்ப அவனால வர முடியாது."

"திருடு போன மூணு நாளும் நீ கடையில இருந்தே" என்றார் அவர் மெதுவாக. "காவலுக்கு ஆள் இல்லாத நாளா பார்த்து... ஏம்மா சொல்லல?"

"தினமும் அந்த எலிப்பொறிப் பழமொழியைச் சொல்றீங்களே மாமா. உங்க முகத்துக்கு நேரா நான் எப்படிச் சொல்றது?"

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எட்டு மாசமாச் சொல்லிச் சொல்லி, எலியே இவர்தானா?" என்றாள். முதலில் சிரித்தது வரைபடக்காரர்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. அவர் குனிந்து பையைத் தூக்கினார், உள் அறைக்குக் கொண்டுபோனார். "பக்கத்து வீட்டுக்காரங்களை இப்பவே கூப்பிடு" என்று உள்ளேயிருந்தே மனைவியிடம் சொன்னார். "எத்தனை பேர் முன்னாடி பேசினேனோ, அத்தனை பேர் முன்னாடியும் திரும்பப் பேசணும்."

அண்ணி மருமகளின் தோளில் கை வைத்தாள். "அவர் கூச்சத்தை நீ மறைச்சது நல்ல மனசு. ஆனா ஓட்டையையும் சேர்த்து மறைச்சா வீடு ஒழுகும்மா. அடுத்த தடவை தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடு."

பிறகு மிச்ச வேலையை முடித்தார்கள். வேறு நல்ல கம்ப்யூட்டரில் தயார்செய்து கொண்டுவந்த பென் டிரைவால் மிஷினை எழுப்பி, அந்த உதவியாளரையும் அது ஒளித்துவைத்திருந்த இரண்டு சொந்தக்கார நிரல்களையும் பிடித்து வெளியேற்றினாள் அண்ணி. "இதோட விட்டுடலாமே?" என்று கொழுந்தன் கொட்டாவி விட்டான்.

"ஒருதடவை உள்ள வந்தவன் எந்த ஜன்னலை ஒருக்களிச்சு வெச்சிருக்கான்னு நமக்குத் தெரியாது. படங்களை மட்டும் நகல் எடுத்துக்கிட்டு, மிச்சத்தை முழுசா அழிச்சுப் புதுசாப் போடறதுதான் நிம்மதி."

அஞ்சு மணிக்குத் தெருக்கோடியில் பஸ் ஹாரன் அடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மருமகள் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புது ஆன்ட்டிவைரஸை எப்படி விழித்திருக்க வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேமராவுல இருக்கற பிளாஸ்திரியை எடுத்துடட்டுமா?" என்று கொழுந்தன் கேட்டான்.

"இருக்கட்டும் தம்பி" என்றார் வரைபடக்காரர் அவசரமாக. "அது என் ஞாபகத்துக்கு."

வாசலில் செருப்பு மாட்டும்போது தொலைபேசி மறுபடி அடித்தது. ஒலிபெருக்கியில் மறுபடியும் பேக்கரிக்காரர்.

"ஐயா, நாளைக்கு வரைக்கும் பொறுக்க மாட்டாம கூப்பிடறேன். வீட்டுக்கு நல்ல படிக்கட்டே போடுங்க. ஆனா பின்பக்கம் அந்த எங்கும் போகாத படிக்கட்டையும் ஒண்ணு போட முடியுமா? என் மச்சினன் வாரம் ரெண்டு தடவை வர்றான். அவனை அதுல ஏத்திவிடலாம்னு இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள், கொழுந்தனைத் தவிர. அவன் படியிறங்கியபடியே அண்ணியைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"அண்ணி, நம்ம ஆபீஸுக்கு யாராவது புதுசாப் படிக்கட்டு கட்டறதாப் பேச்சு அடிபடுதா?"

"பன்னிரண்டாவது வரியைப் படிச்சுட்டு ஏறு" என்றாள் அண்ணி.